ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு

அந்த ஒயரைக் கொஞ்சம் பாருங்கள் தம்பி. கழன்றுவிடப் போகிறது. கணபதி ஸ்டாப்பில் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். பஸ் குலுங்குகிற குலுக்கலில் அது ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கறுப்பு டப்பா என்ன, பவர் பேங்கா? போனில் சார்ஜ் சுத்தமாக இல்லையா? அப்படியென்றால் ஒயர் கழன்றால் போன் அணைந்துவிடும் இல்லையா? கொடுங்கள் இப்படி. ஒயரை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் போனை மட்டும் ஆடாமல் மடியில் வைத்திருங்கள்.

எனக்கென்ன, சும்மாதான். திரையில் கோடு ஒன்று நகர்கிறது பாருங்கள், அதற்குத்தான் சொன்னேன். அந்தக் கோடு எனக்குத் தெரியும். அதற்குக் கீழே இங்கிலீஷில் எழுதியிருப்பது படிக்கத் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். அணைக்காதே என்று எழுதியிருக்கிறது.

நான் அன்னூர் போகிறேன். இந்தப் பையில் தாம்பாளத் தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. என் பெண் சிந்துஜாவுக்கு வருகிற மாதம் கல்யாணம். அன்னூரில் என் மச்சினன் இருக்கிறான், வெள்ளியங்கிரி. என் சம்சாரத்தின் கூடப் பிறந்த தம்பி. அவனுக்குப் பத்திரிகை வைக்கப் போகிறேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஆகின்றன. பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லாமல் முடியுமா? மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். அதனால் நானே இறங்கிப் போகிறேன். அவனை மன்னித்துவிடலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறேன். பெரியவன் நான்தானே.

கணபதியில் எனக்கு லேத் பட்டறை. பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைகிறது தொழில். வெள்ளியங்கிரி ஐ.டி.ஐ. முடித்த கையோடு என்னிடம் வந்தவன். என் வீட்டுச் சோறு, என் பட்டறைத் தொழில். ஒரு நாளும் அவனை வேற்று ஆளாக நினைத்ததில்லை. தப்புப் பண்ணினால் தலையில் ஒன்று வைப்பேன். அது எல்லோருக்கும் வைப்பதுதான். நான் கை நீட்டுகிற ஆள் கிடையாது. பட்டறை என்றால் இரும்பு. இரும்பு இருக்கிற இடத்தில் கவனம் சிதறினால் உயிர் போகும், அதனால் இரண்டு தட்டு தட்டி வைப்பது. அவ்வளவுதான்.

அவன்தான் சி.என்.சி. வாங்கலாம் என்று நச்சரித்தான். கம்ப்யூட்டர் வைத்த லேத் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்ற வேண்டாம். எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்று உள்ளே எழுதி வைத்துவிட்டால் அதுவே கடைந்து தள்ளும். வாங்கினோம். நன்றாகத்தான் ஓடியது. பம்பு கம்பெனிக்காரர்கள் எங்கள் ஷாஃப்டைத் தவிர வேறு ஷாஃப்ட் எடுக்க மாட்டோம் என்றார்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் வெள்ளியங்கிரி உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட வர மாட்டான். வசந்தாமணி, அவன் அக்கா, தட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போவாள். மெஷின் பக்கத்தில் உட்கார வைத்து ஊட்டாத குறை.

எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

இருங்கள். யோவ், மூட்டையை அந்தப் பக்கம் வை. அந்தப் பக்கம் வைய்யா என்கிறேன். கண் தெரியவில்லையா, ஒயர் போகிறது. இன்னொரு தரம் இடித்தாய் என்றால் மூட்டை இருக்கும், கை இருக்காது.

பார்த்தீர்களா, சொன்னதும் நகர்ந்துவிட்டான். அந்த ஆளின் மணிக்கட்டைச் சும்மா பிடித்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. நல்லபடியாகச் சொன்னால் கேட்பதில்லை ஜனங்கள். கோடு ஓடுகிறதா? ஓடுகிறது. நல்லது.

ஆயுத பூஜையன்றைக்கு எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். எல்லாப் பட்டறையிலும் உண்டு, ஆனால் நான் கொஞ்சம் கண்டிப்பு. பூஜை நேரத்தில் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். ஒரு மெஷின் ஓடக் கூடாது, ஒரு பல்ப் எரியக் கூடாது. விளக்கு வெளிச்சம் மட்டும். பொட்டு வைத்த பிறகு மறுநாள் விஜயதசமி வரைக்கும் ஒரு சாமானையும் யாரும் தொடக் கூடாது. ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது. இது நான் வைத்த சட்டம் இல்லை. ரத்தத்தில் படித்தது.

நான் தொழில் பழகியது பீளமேட்டில், ரங்கசாமி மேஸ்திரி என்பவரிடம். அப்போதெல்லாம் ஒவ்வொரு லேத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. மேலே நீளமாக ஒரு இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து பெல்ட் இறங்கி வந்து எல்லா லேத்தையும் ஓட்டும். ஒரு ஆயுத பூஜைக்கு வேலை முடியவில்லை, கடைசி உருப்படி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் போய்விடும் என்று மேஸ்திரி ஓடுகிற லேத்துக்கே சந்தனம் தடவப் போனார். புதுச் சட்டை. கை நுனியைப் பெல்ட் பிடித்தது. பிடித்தது என்று நாம் பார்ப்பதற்குள் முழங்கை வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவர் கத்தவேயில்லை தம்பி. கத்தியதெல்லாம் சுற்றி நின்றவர்கள். பெல்ட் ஒவ்வொரு சுற்று வரும்போதும் வெள்ளையடித்த சுவரில் ஒரு வரி சிவப்பு விழுந்தது. சந்தனக் கிண்ணம் அந்தக் கையிலேயே இருந்தது.

ஓடிப்போய் மெயினை இறக்கியது நான். அத்தனை பேரில் எனக்குத்தான் தோன்றியது. கொஞ்சம் முந்தி இறக்கியிருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொஞ்சம் முந்தி. அதற்கப்புறம் மேஸ்திரி தொழிலுக்கு வரவில்லை.

அதனால் மெயினை இறக்குவதில் யோசிக்கக் கூடாது. யோசித்தால் கை போகும். இதை யாராவது தப்பு என்று சொல்ல முடியுமா? மெயினை இறக்கினதால் எந்த இரும்பாவது செத்துப்போயிருக்கிறதா? எத்தனை தரம் கரண்ட் போயிருக்கிறது. பாதிக் கடைசலில் போகும். திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து லேத் ஓடும். நின்றால் ஓடும், ஓடினால் நிற்கும். மெஷின் என்றால் அதுதான்.

எங்கள் பேச்சு நின்ற அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தி சி.என்.சி.யில் ஒரு கோளாறு. மரை வெட்டும்போது அளவு தப்பியது. மெஷின் விற்ற கம்பெனிக்காரன் புதிதாக ஏதோ அனுப்பினான், கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும், ஏற்றினால் சரியாகிவிடும் என்று. வெள்ளியங்கிரி பூஜை அன்றைக்குக் காலையில் ஏற்றினான். வேலை இல்லாத நாள், அதனால் என்றான். சரியென்று விட்டேன்.

பட்டறையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மெஷினுக்கெல்லாம் மாலை போட்டாகிவிட்டது. ஐயர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இன்னும் வேறு பட்டறைகள் போக வேண்டும். ராகு காலம் வேறு நெருங்குகிறது. பார்த்தால், சி.என்.சி.யின் திரை எரிந்துகொண்டிருக்கிறது. கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது.

"என்றா மாப்ள இது, இன்னும் எரியுது?"

"சித்தெ இருங்க மச்சான். ஏறிக்கிட்டு இருக்குது. முடிஞ்சதும் நானே அணைச்சுப் போடறேன்."

"ஐயரு உக்காந்திருக்கறாரு."

"ஐயருகிட்டே நான் சொல்றனுங்க. நடுவுல மட்டும் அணைச்சுராதீங்க. அணைச்சா எந்திரிக்காது."

"எந்திரிக்காட்டி எழுப்பறதுக்கு நீ எதுக்கு இருக்கறே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு பொரி வாங்க மறந்துவிட்டது என்று வசந்தாமணி சொல்ல, அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது மெயின் பெட்டி மேல் ஒரு அட்டையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி மாட்டிவிட்டுப் போனான். 'மச்சான், தொட வேண்டாம்.' என் பட்டறையில், என் மெயின் பெட்டியில், என் பெயருக்கு. ஆட்கள் எல்லோரும் படிக்கிறார்கள். ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான்.

ஐயர் கேட்டார், "ஆரம்பிக்கலாமா சென்னியப்பா, இல்லே மாப்பிள்ளை வரட்டுமா?"

அட்டையைப் பிடுங்கிக் கிழித்தேன். மெயினை இறக்கினேன்.

பட்டறை இருண்டுவிட்டது. விளக்கு வெளிச்சம் மட்டும் அழகாக நின்றது. ஆனால் அந்தத் திரை எரிகிறது. மெயினை இறக்கியும் எரிகிறது தம்பி. பாடையில் கிடக்கிறவன் கண்ணைத் திறந்து பார்ப்பது போல. கீழே ஒரு டப்பா, யு.பி.எஸ்., எனக்குத் தெரியாமல் கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். அது கீ, கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். மணியடித்தால் அதற்கு மேல் கத்துகிறது. கையில் சந்தனக் கிண்ணம். எனக்கு மேஸ்திரியின் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டது.

காலால் ஒரு உதை விட்டேன். கத்தியது. இன்னொன்று விட்டேன். சுவரில் போய் மோதி மூடி கழன்று கிடந்து கத்தியது. ஒயரைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் போட்டேன். நின்றுவிட்டது. திரையும் போய்விட்டது. சந்தனம் முழுக்க வேட்டியில் கொட்டிவிட்டது.

"ம், சொல்லுங்க சாமி" என்றேன். பூஜை நன்றாக நடந்தது. சி.என்.சி.க்கு நானே பொட்டு வைத்தேன், திரையின் நடுவில். பூசணிக்காயைச் சுற்றி வாசலில் போட்டு உடைத்தேன். நன்றாகச் சிதறியது. எதிர்ப் பட்டறை வாசல் வரைக்கும் குங்குமச் சதை.

அந்தச் சதையை மிதிக்காமல் தாண்டி வெள்ளியங்கிரி உள்ளே வந்தான். கையில் பொரி மூட்டை. திரையைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். மூட்டையைக் கீழே வைக்காமலே மெஷினிடம் போனான். நான் குறுக்கே நின்றேன்.

"பூஜை போட்டாச்சு. நாளைக்குத்தான் தொடோணும்."

"ஒரு தடவை போட்டுப் பாத்துக்கறேனுங்க மச்சான். ஒரே ஒரு தடவை."

"தொட்டே, கைய ஒடிச்சுருவேன்."

வழக்கம் வழக்கம்தானே. அவன் சின்னக் குழந்தை மாதிரி கையை நீட்டினான், நான் தட்டிவிட்டேன். பொரி தரையெல்லாம் சிந்திவிட்டது. பிறகு அவன் மெஷினுக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள், இவன் எழுந்திருக்கவில்லை. எழவு வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தான். நல்ல நாளும் அதுவுமாக.

மறுநாள் மெயினை ஏற்றினோம். லேத் இரண்டும் ஓடின. டிரில்லிங் மெஷின் ஓடியது. பார்த்தீர்களா? எல்லாம் ஓடின. அது மட்டும் ஓடவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி எழுத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது. அதன் மேல் நேற்று வைத்த பொட்டு.

கம்பெனியிலிருந்து இன்ஜினியர் ஒருத்தன் வந்தான். சின்னப் பையன், வடக்கத்திச் சாயல். உள்ளே கழற்றிப் பார்த்தான். "ஏத்திக்கிட்டு இருக்கும்போது பவரை எடுத்திருக்கீங்க சார். பழசை அழிச்சாச்சு, புதுசு முழுசா ஏறலை. இப்ப அதுக்குள்ள பழசும் இல்லை, புதுசும் இல்லை" என்றான். உள்ளே இருக்கிற போர்டையே மாற்ற வேண்டுமாம். எழுதி வைத்ததெல்லாம் போய்விட்டதாம்.

எல்லாமா என்றேன். எல்லாமும் என்றான்.

எங்கேயாவது அப்படிப் போகுமா தம்பி? அத்தனை உருப்படிக்கும் எழுதி வைத்தவன் காப்பி எடுத்து வைக்காமலா இருப்பான்? கேட்டேன். பென் டிரைவில் இருந்ததுங்க, அது மெஷினில் செருகியே இருந்தது, அதோடு அதுவும் போய்விட்டது என்றான் வெள்ளியங்கிரி. நம்புகிற மாதிரியா இருக்கிறது? அந்த இன்ஜினியருக்கு இவன் டீ வாங்கிக் கொடுத்தான் பாருங்கள், அப்போதே எனக்குப் பொறி தட்டியது. இவனே உள்ளே ஏதோ பண்ணியிருக்கிறான். எழுதினதையெல்லாம் எடுத்துக்கொண்டு தனியாகப் பட்டறை போடப் போகிறான். பழியை என் தலையில் போட்டுவிட்டுப் போகப் பார்க்கிறான். இல்லையென்றால் இன்றைக்கு அன்னூரில் அதே பம்பு கம்பெனிக்கு அதே ஷாஃப்டைக் கடைந்து கொடுக்கிறானே, எப்படி? என்னிடமிருந்து போன பிறகு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எழுதினானாம். இடது கையால் தட்டித் தட்டி எழுதினானாம். சொல்கிறார்கள்.

இன்ஜினியர் போன பிறகு ஆட்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டேன். "சொல்லு மாப்ள. என்ன பண்ணுனே?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"பின்ன யாரு பண்ணுனா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதுவரைக்கும் என்னை நேராகப் பார்த்ததே இல்லை அவன். "நீங்கதானுங்க மச்சான். நீங்கதான் கொன்னுட்டீங்க. பொட்டு வெச்சுக் கொன்னுட்டீங்க."

கன்னத்தில் ஒன்று விட்டேன். விழவில்லை. மறுபடியும் அதையே சொன்னான். கொன்னுட்டீங்க. இன்னொன்று விட்டேன். உதடு கிழிந்து பல்லெல்லாம் சிவப்பு. அந்த வாயால் மறுபடியும் சொன்னான். நிறுத்தியிருக்கலாம் இல்லையா? ஒருத்தன் அடிக்கிறான், நீ நிறுத்தியிருக்கலாம் இல்லையா? அந்த யு.பி.எஸ். டப்பா மாதிரி அடிக்க அடிக்கக் கத்திக்கொண்டே இருக்கிறான். பக்கத்தில் லேத் மேல் பெரிய ஸ்பேனர் கிடந்தது, பூஜைக் குங்குமத்தோடு. எடுத்தேன்.

நான் தோளைத்தான் பார்த்து வீசினேன். இதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன், தோளைத்தான். அவன் கையைக் கொண்டுவந்து குறுக்கே வைத்தான். வலது கையை. லேத் மேல் அந்தக் கை, கை மேல் ஸ்பேனர். முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். குங்குமம் எது, மற்றது எது என்று தெரியவில்லை.

அப்போதும் அவன் கத்தவில்லை. மேஸ்திரி மாதிரியே. கத்தியது வசந்தாமணி. எப்போது வந்தாள் என்று தெரியாது, தம்பிக்குச் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நடுவில் வந்து விழுந்தாள். நான் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஓங்கின கை ஓங்கினபடி இருந்தது, அவள் வந்து நின்றாள். நெற்றியில் தையல் போட்டார்கள். பொட்டு வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. இப்போது தெரியக்கூடத் தெரியாது, பொட்டைப் பெரிதாக வைத்துக்கொள்கிறாள்.

எல்லோரும் வெள்ளியங்கிரியின் கையைப் பற்றியே பேசுகிறார்கள். இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள், மற்றது மடங்குவதில்லை, அது உண்மைதான். ஆனால் அன்றைக்குப் பொழுது சாய என் பட்டறைக்கு வந்தது யார் என்று கேளுங்கள். அன்னூரிலிருந்து வசந்தாமணியின் சித்தப்பன் மக்கள், பெரியப்பன் மக்கள் ஒரு டெம்போ நிறைய. கதவைப் பெயர்த்தார்கள். என்னைக் கீழே போட்டு மிதித்தார்கள். ஒருத்தன் இரும்புக் கம்பியால் வாயிலேயே அடித்தான். இதோ பாருங்கள், இந்தப் பக்கம் முழுக்கக் கட்டின பல். இதை யாராவது பேசுகிறார்களா? அவர்களை ஏவிவிட்டது வெள்ளியங்கிரிதான். அந்த நேரம் அவன் ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டுக் கிடந்தான் என்கிறார்கள். ஊசி போடுவதற்கு முந்தி சொல்லியிருக்கலாம் இல்லையா?

சரவணம்பட்டி தாண்டி எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கோவில்பாளையமே போய்விட்டது. கோடு எங்கே இருக்கிறது? முக்கால்வாசி. ஒயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் பயப்படாதீர்கள்.

வசந்தாமணியா? இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். அவள் அதிகம் பேசுகிற பழக்கம் இல்லாதவள். சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஏதாவது வேண்டுமென்றால் சிந்துஜாவிடம் சொல்வாள், சிந்துஜா என்னிடம் சொல்லும். "அப்பா, அம்மா கேஸ் தீர்ந்துபோச்சுன்னாங்க." நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன். எனக்கே கேட்கும். வீடு அமைதியாக இருக்கிறது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது.

இப்போது பிரச்சினை சிந்துஜாதான். அந்தப் பெண் அதிராமல் பேசும். "மாமா வராட்டி நான் மணவறையில உக்கார மாட்டேனுங்கப்பா" என்றது. சும்மா மிரட்டுகிறது என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டது, மாமன் வந்தால்தான் கல்யாணம் என்று. அவர்கள் பெரிய இடம். மாமன் ஏன் வரவில்லை என்று நாலு பக்கமும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவனும் சிந்துஜாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். வருகிறேன், சீர் கொண்டுவருகிறேன், மாலை போடுகிறேன் என்றிருக்கிறான். ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறான். "உங்கப்பன் என்ர வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை சொல்லோணும். நான் அணைச்சேன், அதனாலதான் போச்சுன்னு. கையப் பத்தி ஒண்ணும் பேச வேண்டாம். கை போகட்டும். அது மட்டும் சொல்லோணும்."

பார்த்தீர்களா திமிரை? கையைப் பற்றிக் கேட்டால்கூடச் சரி என்னலாம். அவனுக்குக் கை முக்கியமில்லையாம், அந்தக் கம்ப்யூட்டர்தான் முக்கியமாம். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? நடக்காததை எப்படிச் சொல்வது? சொல்ல மாட்டேன். தட்டை நீட்டுவேன். நடந்ததை மறந்துவிட்டேன் மாப்ள, உன்னை மன்னித்துவிட்டேன், பெண்ணுக்கு வந்து மாலை போடு என்பேன். வாங்கிக்கொண்டால் நல்லது. இல்லை, அந்த வார்த்தை வேண்டும் என்று நின்றான் என்றால், தம்பி, நான் நல்லவன்தான், ஆனால் அவனுக்கு இன்னொரு கையும் இருக்கிறது.

இது என்ன சாவி என்கிறீர்களா? அரைஞாணில் தொங்குவதைப் பார்த்துவிட்டீர்களா. மெயின் பெட்டிச் சாவி. இப்போது பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். என்னைத் தவிர யாரும் மெயினைத் தொட முடியாது. எலித் தொல்லை, அதனால். சி.என்.சி.க்குப் போர்டு மாற்றி, தனி லைன் இழுத்து, வேறு ஆள் போட்டு ஓட்டுகிறேன். ஆயுத பூஜைக்கு அதற்கு மட்டும் மெயின் இறக்குவதில்லை. அது பாட்டுக்கு எரியட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஐயர் கேட்டார், என்ன சென்னியப்பா, வழக்கத்தை மாத்திட்டே என்று. வயசாகிறது சாமி, எழுந்து போய் இறக்க முட்டி வலிக்கிறது என்றேன்.

என்ன அது, போனில் வெளிச்சம் மாறுகிறதே? அணைந்துவிட்டதா? நான் ஒயரை விடவேயில்லை தம்பி, இதோ பாருங்கள், என் கையில்தான் இருக்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை.

எழுந்துவிட்டதா? அப்படியா? மணி காட்டுகிறது. யாரோ சிரிக்கிற படம் வருகிறது. உங்கள் அம்மாவா? எல்லாம் இருக்கிறதா உள்ளே, பாருங்கள், பழசெல்லாம் இருக்கிறதா? நன்றாகப் பாருங்கள். இருக்கிறதா.

இவ்வளவுதானா?

இல்லை, கேட்கிறேன். இவ்வளவு நேரம்தானா இதற்கு? ஐயர் மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைப்பதற்குள் முடிந்திருக்குமே. அவன் பொரி வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள். சும்மா உட்கார்ந்திருந்தால், இப்படிச் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால்.

உங்கள் போன் சின்னது. அது பெரிய மெஷின். அதன் கணக்கு வேறாக இருக்கும். வேண்டாம், நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். படித்தவர், ஏதாவது சொல்லிவிடுவீர்கள். நான் கேட்கவில்லை.

அன்னூர் வந்துவிட்டது போல. அதோ அந்த பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் அவன் பட்டறை. சத்தம் கேட்கிறது பாருங்கள், லேத் சத்தம் இல்லை, சீரான சத்தம், அதுதான் சி.என்.சி. நான் இறங்க வேண்டும். பையை எடுத்துத் தோளில் மாட்டிவிடுங்கள். தட்டு உள்ளே இருக்கிறது, பழம் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தாருங்கள் உங்கள் ஒயர். இழுங்கள். இன்னும் கொஞ்சம் இழுங்கள். வரவில்லையா? விரல் மரத்துவிட்டது தம்பி, ஏறினதிலிருந்து இறுக்கிப் பிடித்தபடியே இருந்ததில் மடங்கி நின்றுவிட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். வலிக்கவில்லை. போதும், மிச்சத்தை விடுங்கள், கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். வெள்ளியங்கிரியின் வாசலில் போய் நின்று தட்டை எடுப்பதற்குள் இந்தக் கை விரிந்துவிட்டால் போதும்.